வாசகர் கேள்வி பதில்: ஓமானின் மலை கிராமங்கள்

கேள்வி: மூன்று வருடமாக மஸ்கட்டில் வேலை. அல் ஹம்ரா பக்கம் பழைய மண் வீட்டு ஊர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். "இடிஞ்ச வீட்டைப் பார்க்க அவ்வளவு தூரமா?" என்கிறார்கள் அறை நண்பர்கள். போகலாமா?
– வாசகர், மஸ்கட்

கண்டிப்பாகப் போங்கள். நிஸ்வா வழியாக இரண்டரை மணி நேரத்துக் கார் பயணம்தான். ஆனால் அல் ஹம்ராவில் நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், மலையில் இன்னும் கொஞ்சம் ஏறினால் மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் வரும், அதையும் பார்க்க வேண்டும். இரண்டு ஊரிலும் வீடு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அல் ஹம்ராவில் சரிந்து கிடக்கும் பாறை மேல் இரண்டு மாடி, மூன்று மாடி மண் வீடுகள், மேல்தளத்துக்குப் பேரீச்சை மரத்தண்டு. மிஸ்ஃபாவில் பெரிய பெரிய பாறையே அஸ்திவாரம். மண் இருந்த இடமெல்லாம் தோப்புக்குப் போய்விட்டது. ஒரு முழம் விளைநிலத்தைக்கூட வீட்டுக்காக வீணாக்காத ஊர் அது, அதைப் போய் இடிந்த ஊர் என்று சொல்லக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது.

1970க்குப் பிறகு சாலையும் மின்சாரமும் வந்தன, சனங்கள் பக்கத்திலேயே புது வீடு கட்டிக் குடிபோனார்கள். தோப்பை விடவில்லை. அல் ஹம்ராவில் பைத் அல் ஸஃபா என்ற பழைய வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், உள்ளூர்ப் பெண்கள் காப்பிக்கொட்டை வறுப்பதையும் மெல்லிய ரொட்டி சுடுவதையும் உட்கார்ந்து பார்க்கலாம்.

கேள்வி: மழையே அரிதான மலையில் வாய்க்காலில் எப்படித் தண்ணீர் ஓடுகிறது? யாருக்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது?
– வாசகி, சலாலா

அந்த வாய்க்காலுக்கு ஃபலஜ் என்று பெயர், அதில் மூன்று வகை. ஊற்றிலிருந்து வருவது ஐனி, வாதி எனப்படும் பள்ளத்தாக்கு ஓடையில் ஓடும் நீரைத் திருப்புவது கைலி. தாவூதிதான் பெரிய வேலை: மலையடியில் நிலத்தடி நீர் வரை கிணறு தோண்டி, அங்கிருந்து லேசான சரிவில் பூமிக்குள்ளேயே சுரங்கம் வெட்டி ஊருக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மோட்டார் கிடையாது, சரிவு மட்டும்தான். ஓமான் முழுக்க ஏறத்தாழ 3,000 ஃபலஜ் இன்றும் ஓடுகின்றன. நிஸ்வாவின் தாரிஸ் உட்பட ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தண்ணீர் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் குடிக்க எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் பள்ளிவாசல், குளியல், எல்லாம் கடந்துதான் தோப்பு. பங்கை அளப்பது நேரத்தால். ஒரு 'அதர்' என்றால் சுமார் அரை மணி. பகலில் நட்ட கம்பின் நிழல், ராத்திரியில் நட்சத்திரம், இதை வைத்தே மடை மாற்றியிருக்கிறார்கள். கைக்கடிகாரம் வந்த பிறகும் நேரத்தால் பங்கிடும் முறை மாறவில்லை. இந்தப் பங்கை விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஒரு பகுதியை ஏலம் விட்டு, வரும் பணத்தில் வாய்க்காலைத் தூர்வாரிப் பழுதுபார்க்கிறார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் பேரீச்சைக்குத்தான் முதல் உரிமை, பருவப் பயிர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவார்கள். கோட்டைகளைவிட இந்தக் கணக்குதான் அந்த மலையின் பெரிய சொத்து என்பேன்.

கேள்வி: குடும்பத்தோடு எப்போது போகலாம்? கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகர், சோஹார்

நவம்பர் முதல் மார்ச் வரை சுகமான குளிர். ரோஜா பார்க்க ஆசை என்றால் ஏப்ரலில் ஜபல் அக்தர் மலைக்குப் போங்கள், அங்கே பூ பறித்துப் பன்னீர் காய்ச்சும் காலம் அது. அந்த மலையடியில் உள்ள பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை மட்டும்தான் மேலே விடுவார்கள், சாதாரணக் காரில் போய்த் திரும்பி வராதீர்கள். கிராமங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், ஆட்களைப் படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். வாய்க்காலில் சோப்பு போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள், கீழே அதே தண்ணீரில்தான் தோப்பு பாய்கிறது.