அரசுத் தரப்பில் நிற்பது: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

திருநெல்வேலியில் ஆறு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் பணி வழக்குகள்தான் நடத்துகிறேன். தற்காலிகப் பணிநீக்கம், துறை நடவடிக்கை, ஓய்வூதியம் என எல்லாமே ஊழியர் தரப்பில். இப்போது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசுத் தரப்பில் ஆஜராகும் வாய்ப்பு வந்திருக்கிறது. துறை மேல்முறையீடுகளில் தோற்றவர்கள் போடும் ரிட் மனுக்கள்தான் என் பங்குக்கு வரும் என்கிறார்கள். சீனியர் போகச் சொல்கிறார். என் அப்பா அரசு ஊழியராக இருந்து, பணிநீக்கத்தை எதிர்த்து ஒன்பது ஆண்டுகள் அலைந்து வேலையைத் திரும்பப் பெற்றவர். "அந்தப் பக்கமா போய் நிற்கப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை.

நீங்கள் அந்தப் பணியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். தவறான ஆணையையும் சரி என்று வாதாடத்தான் வேண்டுமா? எனக்குக் கட்சிக்காரர் யார், அந்த அதிகாரியா, அரசா? இப்போது கையில் இருக்கும் ஊழியர் வழக்குகளை என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா கேட்ட கேள்வியை நானும் என் வீட்டில் கேட்டிருக்கிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பதினோரு ஆண்டுகள் அந்தப் பக்கம் நின்றவன். முதலில் சென்னையில், 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பிறகு ஒத்தக்கடையில். அந்த ஆண்டுகளில் என் கைக்கு வந்த ஒரு வழக்குக் கட்டைப் பற்றிச் சொன்னால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அரசு மாணவர் விடுதி ஒன்றில் சமையலராக இருந்த ஒரு பெண்மணி. இருப்பில் 38 கிலோ அரிசி குறைந்தது என்று அவர்மீது, கடும் தண்டனைக்கு வழிசெய்யும் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-வின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. விசாரணை நடந்தது, குற்றம் நிரூபணமானது என்று அறிக்கை வந்தது, பணியறவு செய்தார்கள். மேல்முறையீடும் தள்ளுபடியானது. ரிட் மனு வந்ததும் துறையிலிருந்து பத்திவாரிக் குறிப்புரை, அதாவது மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறையின் பதில், அனுப்பினார்கள். ஒன்பது பக்கம், பிழையில்லாத தட்டச்சு, அவரை ஏன் வேலையில் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு ஆறு காரணங்கள். அதை அப்படியே நீதிமன்றத்தில் அரசு தாக்கல் செய்யும் எதிர் பிரமாணப் பத்திரமாக்கினால் ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும்.

நான் மூலக் கோப்பைக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, நாடா கட்டிய அட்டைக்குள் வந்து சேர்ந்தது. அதன் நடுவில் அந்தப் பெண்மணி எழுதிக்கொடுத்த விளக்கம் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், நான்கு பக்கம். பேனாவை அழுத்தி எழுதியதில் எழுத்துகள் தாளின் பின்புறம் புடைத்து நின்றன. கிடங்கின் கூரை ஒழுகி மூட்டைகள் நனைந்தது, காப்பாளரிடம் சொன்னது, தராசு பழுதாகி இரண்டு மாதம் படியால் அளந்து போட்டது என்று தேதி வாரியாக எழுதியிருந்தார். அடுத்த தாள் தண்டனை ஆணை. அந்த நான்கு பக்கத்துக்கும் ஆணையில் இருந்த பதில் ஒரே வரி: "தனியரின் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை." தனியர் என்றால் அலுவலக மொழியில் அந்த ஊழியர். மேல்முறையீட்டு ஆணையிலும் அதே வரிதான், வேறு கையெழுத்தோடு. குறிப்புரையில் இருந்த ஆறு காரணங்களில் ஒன்றுகூட இரண்டு ஆணைகளிலும் இல்லை. வழக்கு வந்த பிறகு யோசித்து எழுதியவை அவை.

1977 டிசம்பரில், மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது. ஓர் ஆணையை அதில் எழுதப்பட்டுள்ள காரணங்களைக் கொண்டுதான் எடைபோட வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதிய காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக் கொடுக்கக் கூடாது என்றது தீர்ப்பு. நாள்பட நாள்படச் சுவை கூடுவதற்கு ஆணை ஒன்றும் பழைய மது அல்ல என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதில் எழுதினார். மேல்முறையீட்டு ஆணைக்கும் இதே கதிதான். 1986இல் ராம் சந்தர் என்ற ரயில்வே ஊழியரின் வழக்கில், விதியின் சொற்களையே திரும்ப எழுதி மேல்முறையீட்டைத் தள்ளுவது பரிசீலனை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நம் 1955ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கேட்பது இதைத்தான்: சம்பவம் நிரூபிக்கப்பட்டதா, அது தண்டனைக்குப் போதுமானதா, தண்டனை அளவோடு இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் தனித்தனியாக மனம் செலுத்தியது ஆணையில் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் அந்தக் கோப்பில் இல்லை. விசாரணை அறிக்கையின் நகலை அவருக்குக் கொடுத்ததற்கான ஒப்புகை. தண்டனை கொடுக்கும் முன் அறிக்கையைக் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதை 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே உறுதி செய்தது. பணி வழக்கு நடத்தும் உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எதிர்த் தரப்பில் இருந்தபோது நீங்கள் யூகித்ததை, அரசுத் தரப்பில் உட்கார்ந்தால் கண்ணால் பார்ப்பீர்கள். மூலக் கோப்பு உங்கள் மேசையில் இருக்கும். அந்தப் பணியின் கனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

துறை அதிகாரியிடம் தொலைபேசியில் பேசினேன். "அரசு வழக்கறிஞரே இப்படிச் சொன்னால் நாங்கள் யாரிடம் போவது?" என்றார். அவர் கெட்டவர் அல்ல, பயந்திருந்தார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆணையைத் தானாகத் திரும்பப் பெற்ற அலுவலரிடம் தணிக்கையில் கேள்வி வரும், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள், யாரிடம் என்ன வாங்கினார் என்று அலுவலகத்திலேயே பேசுவார்கள். தகுதியில்லாத வழக்கை மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாகக் கொண்டுபோய்த் தோற்றவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நீதிமன்றம் சொல்லிவிட்டது, செய்தோம் என்று முடித்துவிடலாம். அரசு ஏன் இத்தனை வழக்குகளைத் தோற்கும் வரை நடத்துகிறது என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் இரண்டு பக்கத்தில் கருத்துரை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். ஆணை நிற்காது, இன்னின்ன குறை, இன்னின்ன தீர்ப்பு, ஆணையைத் திரும்பப் பெற்று, அறிக்கை நகலைக் கொடுத்து, அந்தக் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று எழுதினேன். அந்தத் தாள் அவருக்குத் தேவைப்பட்டது. நியாயமாக நடக்க விரும்பும் அலுவலருக்குக் கோப்பில் வைத்துக்கொள்ள ஓர் ஆதாரம் வேண்டும். அதைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அரசு வழக்கறிஞர். ஆணை திரும்பப் பெறப்பட்டது. மறுவிசாரணையில் அந்தப் பெண்மணிக்கு இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று முடிந்தது. கவனக்குறைவு இருந்தது, அதற்குத் தண்டனை கிடைத்தது. வேலை போகவில்லை.

எனவே தவறான ஆணையைச் சரி என்று வாதாட வேண்டாம். வாதாடவும் கூடாது. உங்கள் கட்சிக்காரர் அரசு, ஆணையில் கையெழுத்திட்ட அதிகாரி அல்லர். அந்தச் சமையலரும் அதே அரசின் ஊழியர்தான். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் வழக்கு ஒன்றில், 1979இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி எழுதியதை ஒரு முறை தேடிப் படியுங்கள். துறைமுகக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டவரிடம், காலக்கெடு தாண்டிவிட்டது என்று துறைமுகம் வாதாடியது. குடிமகனின் நியாயமான கோரிக்கையைத் தோற்கடிக்க இப்படிப்பட்ட தொழில்நுட்ப வாதங்களைப் பொது அமைப்புகள் எடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார் அவர். நம் ஊர்த் துறைமுகத்தின் வழக்கில் வந்த அந்த வரிகளை நான் பல கருத்துரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். மாணவியிடம் தவறாக நடந்துகொண்ட ஆசிரியர் ஒருவரின் பணியறவை எதிர்த்து வந்த மனுவில் நான் அரசுக்காக வாதாடினேன். விசாரணை ஒழுங்காக நடந்திருந்தது, குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள், அறிக்கை நகல் கொடுத்ததற்கு ஒப்புகை இருந்தது. அந்தப் பிள்ளையின் வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம்தான். எதிர்த் தரப்பில் பெரிய வழக்கறிஞர் அந்த ஒன்றரைப் பக்கத்தை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தார். துறை விசாரணையின் சாட்சியத்தை நீதிமன்றம் மேல்முறையீடு போல மறுபடி எடைபோடாது, முடிவுக்கு வந்த வழி முறையானதா என்று மட்டுமே பார்க்கும் என்பது 1995ஆம் ஆண்டு சதுர்வேதி தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற சட்டம். அதைச் சொல்லி அந்த ஆணையைக் காப்பாற்றினேன். நீதிமன்றத்தில் அந்தப் பிள்ளைக்கென்று தனியாக வழக்கறிஞர் யாரும் இல்லை. என் வாழ்நாளில் நான் மிகவும் மனம் வைத்து வாதாடிய வழக்கு அதுதான்.

தூங்கிவிட்டு வருபவர்களுக்கு எதிராகவும் உறுதியாக நிற்க வேண்டும். புவியியல் சுரங்கத் துறையில் 1982இல் வேலை இழந்த ஒருவர் 2000இல் மனுக் கொடுத்து, அதைப் பரிசீலிக்கத் தீர்ப்பாயத்தில் உத்தரவு பெற்று, அந்தப் பரிசீலனையையே அடிப்படையாக வைத்து மறுபடி வழக்காடினார். காலாவதியான கோரிக்கைக்கு இப்படி உயிர் வராது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "மனுவைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசீலித்து ஆணையிடுக" என்ற உத்தரவுக்கு நீங்கள் தினமும் தலையாட்ட வேண்டி வரும். எல்லாருக்கும் வசதியான உத்தரவு அது. ஆனால் பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு வரியில் நிராகரித்து, அந்த வரியை எதிர்த்து அடுத்த ரிட் மனு வரும். உத்தரவு வந்த அன்றே துறைக்குக் கடிதம் எழுதி, எந்தெந்தக் கோரிக்கைக்குக் காரணத்தோடு பதில் எழுத வேண்டும் என்று குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

தீர்ப்பாயங்கள் பற்றி ஒரு வார்த்தை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நமக்கும் ஒரு மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது, பின்னர் மூடப்பட்டு வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கே திரும்பின. இங்கே இப்போது மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும் தீர்ப்பாயம் இருக்கிறது. அதனால் மாநில அரசு ஊழியருக்குத் துறை மேல்முறையீட்டை விட்டால் அடுத்த படி நேராக உயர் நீதிமன்றம்தான். மாவட்டத்தில் ஒரு மேசையில் சோம்பலாக எழுதிய ஒரு வரிக்காகக் கடைநிலை ஊழியர் ஒருவர் இரவு பஸ் பிடித்து ஒத்தக்கடைக்கு வந்து நிற்கிறார். வாய்தா கேட்க எழும்போதெல்லாம் பார்வையாளர் வரிசையை ஒரு முறை பாருங்கள். அவர் அங்கே இருப்பார், அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு.

கடைசிக் கேள்வி. கையில் இருக்கும் ஊழியர் வழக்குகளைப் பொறுப்பேற்கும் முன்பே ஒப்படைத்துவிடுங்கள். ஒவ்வொரு கட்சிக்காரரையும் நேரில் அழைத்து ஏன் விலகுகிறீர்கள் என்று சொல்லுங்கள், அவர் விரும்பும் வழக்கறிஞருக்கு வக்காலத்து மாற்ற இசைவு எழுதிக் கொடுங்கள், கட்டை முழுதாகக் கொடுங்கள், வேலை செய்யாத பகுதிக்கு வாங்கிய கட்டணத்தையும் திருப்பிக் கொடுங்கள். பார் கவுன்சில் விதிப்படி, ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வழக்கில் எதிர்த் தரப்புக்கு ஆஜராகக் கூடாது. அந்த வழக்குகளில் ஒன்று நாளை அரசுத் தரப்புக் கட்டாக உங்கள் மேசைக்கு வரும், நிச்சயமாக வரும். பெயரைப் பார்த்ததும் கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பி, காரணத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்