ஓட்டத்தின் நடுவே வரும் எரிச்சல் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

காலையில் வெறும் வயிற்றோடு ஓடுகிறேன். வார நாட்களில் முக்கால் மணி நேரம், ஞாயிறுகளில் ஒன்றரை மணி நேரம். ஞாயிறு ஓட்டம் பாதியைத் தாண்டியதும் காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறது, சில நாள் அழுகைகூட. தலை கிறுகிறுக்கிறது. கால் வலி இல்லை, ஆனால் ஓடப் பிடிப்பதில்லை. வயிறு குலுங்கும் என்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை. கூட ஓடும் தோழி, "உனக்கு மன உறுதி போதாது" என்கிறாள். அப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. முந்தைய இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல், ஒரு வாய் தண்ணீரும் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறவரிடம் உறுதி போதாது என்று எப்படிச் சொல்வது? உங்களுக்குக் குறைவது வேறு.

கால் வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. தசைகளில் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து இரவுப் பட்டினியில் பெரிதாகக் குறையாது. கல்லீரலில் இருப்பதுதான் கரைகிறது. அங்கே மொத்தமே 100 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். ரத்தத்தில் ஓடும் சர்க்கரையோ ஏறக்குறைய 5 கிராம். தசை தன் கையிருப்பை ரத்தத்துக்குத் திருப்பித் தராது, கல்லீரல்தான் தர வேண்டும். மூளை நம்பியிருப்பது அதைத்தான். ஆகவே கால்கள் தெம்பாக இருக்கும்போதே தலை கிறுகிறுக்கலாம், சிடுசிடுப்பும் வரலாம்.

இது நூறாண்டுப் பழைய செய்தி. 1924 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். மிகவும் சோர்ந்து குழம்பிப் போயிருந்தவர்களுக்குச் சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. மறு ஆண்டு ஓட்டக்காரர்களுக்கு ஓட்டத்தின் நடுவே மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் இறங்கவில்லை, அந்தக் குழப்பமும் வரவில்லை. அவர்களுக்கு யாரும் மன உறுதி ஊட்டவில்லை.

இதைவிட என்னை வியக்க வைத்தது 2004-இல் வெளியான ஓர் ஆய்வு. சைக்கிள் ஓட்டிகள் மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பினார்கள். ஒரு சொட்டும் விழுங்கவில்லை. ஆனாலும் சுமார் ஒரு மணி நேர ஓட்டத்தை ஏறக்குறைய 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். உணவு வருகிறது என்ற தகவலே மூளைக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நாம் "மனசு" என்று தனியே பிரித்து வைப்பது வாயோடும் வயிற்றோடும் இவ்வளவு ஒட்டியிருக்கிறது.

இனி தண்ணீர். வியர்க்க வியர்க்க ரத்தத்தின் அளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைவதால், அதே வேகத்துக்கு அது கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம் வியர்வையாகப் போனாலே, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 1.2 லிட்டர், பழகிய வேகம் மலையேற்றமாகத் தெரியத் தொடங்கும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்; குறைந்த ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

வயிறு குலுங்குவது பெரும்பாலும் ஒரேயடியாகக் குடிப்பதால். முதல் கால் மணியிலிருந்தே இரண்டு மூன்று வாயாகக் குடித்துவாருங்கள், சில வாரங்களில் வயிறு பழகிவிடும். அதற்காக அளவுக்கு மீறியும் வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். ஓடி முடித்து எடை ஏறியிருந்தால் குடித்தது அதிகம்.

முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால், நிறைந்த வயிறு குமட்டும். விடிகாலையில் அதற்கு ஏது நேரம்? கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் போதும். ஞாயிறுகளில் அரை மணிக்குப் பிறகு, மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில் பானமாகவோ பழமாகவோ எடுத்துக்கொள்ளுங்கள். வார நாள் ஓட்டத்துக்கு இது அவசியமில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் கிறுகிறுப்பு தொடர்ந்தால், அல்லது நீரிழிவுக்கு மருந்து எடுப்பவராக இருந்தால், அடுத்த நீண்ட ஓட்டத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கடிதத்தைத் தோழியிடமும் காட்டுங்கள். அவரும் வெறும் வயிற்றோடுதான் ஓடுகிறார் என்று நினைக்கிறேன்.