வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்பு நம்பகமானதா என்று எப்படிப் பார்ப்பது?

டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நம்பகமான தகவல் என்றால், யார் சொன்னது, எப்போது, எதை வைத்துச் சொன்னது என்று நாமே போய்ப் பார்க்க வழியுள்ள தகவல். 'எங்க சித்தப்பாவுக்கு ரெண்டே நாள்ல பிளேட்லெட் ஏறிடுச்சு' என்பதில் அந்த வழி இல்லை. சித்தப்பா பொய் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

டெங்குவில் பொதுவாகக் காய்ச்சலின் 3ஆம் நாளிலிருந்து பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறையும். ஒரு வாரம் ஆகும்போது பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஏறும். 5ஆம் நாள் சாறு கொடுத்தால் 7ஆம் நாள் ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதனால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சாறு குடிக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? சில சிறிய ஆய்வுகளில் அப்படிப் பார்த்தார்கள். பிளேட்லெட் எண்ணிக்கை கொஞ்சம் சீக்கிரம் ஏறியது. உயிரிழப்பைக் குறைக்கும் என்று அவை நிறுவவில்லை. வீடியோவில் இந்த இரண்டாவது பாதி வராது.

அப்புறம், தேதியையும், கீழே ஏதாவது விற்கிறார்களா என்பதையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்கு அழைத்துக் கேட்கலாம்.

'இயற்கைச் சாறுதானே, குடித்தால் என்ன கெட்டுவிடும்' என்பார்கள்; டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம், கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று வந்த பிறகும் சாற்றை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் கெடுதல்.