சமையல் கேள்வி – பதில்: பால், தயிர், நெய் இல்லாமல்

இந்த முறை வடாற்காடு பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை வீகன் சமையலைப் பற்றியவை. பால், தயிர், நெய், தேன், முட்டை எதுவும் சேராத சமையல். சாம்பார், ரசம், கடைசல், பொரியல், துவையல், இட்லி, தோசை என்று நம் வீட்டில் முக்கால்வாசி ஏற்கெனவே அப்படித்தான். தாளிக்கும் நெய்யை எண்ணெயாக மாற்றினால் வேலை முடிந்தது. தயிரும் பாலும் உள்ளே நுழையும் இடங்களில்தான் தகராறு. அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

மருமகள் பால் பொருள் எதையும் தொடுவதில்லை. அவளுக்காக மல்லாட்டை (வேர்க்கடலை) பாலில் தயிர் உறை ஊற்றுகிறேன். பச்சை வாடை போகமாட்டேன் என்கிறது, அடியில் தண்ணீர் தனியாக நிற்கிறது. மோர்க்குழம்பு வைத்தால் திரிந்துபோகிறது. – போளூர் வாசகி

மூன்றும் வேறு வேறு தவறுகள் அம்மா, தனித்தனியாகச் சொல்கிறோம்.

முதலில் பருப்பு. வறுக்காத மல்லாட்டை 1 தம்ளர் எடுத்துச் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூசணத்தின் நச்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது, இதில் சிக்கனம் வேண்டாம். 6 முதல் 8 மணி நேரம் ஊறட்டும். கோடையில் வெளியே வைத்தால் ஊறுகிற தண்ணீரே புளித்துவிடும், இடையில் ஒருமுறை மாற்றுங்கள். பிறகு கையால் தேய்த்துச் சிவப்புத் தோலை முழுக்க எடுத்துவிடுங்கள். தோல் தங்கினால் துவர்க்கும், நிறமும் மங்கும். 1 தம்ளர் தண்ணீர் விட்டு வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, இன்னும் ஒன்றரைத் தம்ளர் சேர்த்து, துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். திப்பியைத் துவையலிலோ வடை மாவிலோ சேர்த்துவிடலாம்.

பச்சை வாடைக்குக் காரணம் கொதி போதாதது. பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவது மாட்டுப் பாலின் பழக்கம், இங்கே அது உதவாது. பொங்கிய பிறகு தீயைக் குறைத்து, அடியைத் துழாவிக்கொண்டே 8 முதல் 10 நிமிடம் கொதிக்க வேண்டும். துழாவாமல் விட்டால் சீக்கிரம் அடிப்பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாசனை தயிர் முழுக்க ஏறிவிடும்.

விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். முதல் முறைக்கு வீகன் உறை வேண்டுமே, அதற்குப் பச்சை மிளகாய்க் காம்பு போதும். 6 மிளகாயைக் கழுவித் துடைத்து, காம்பைக் குல்லாயோடு கிள்ளிப் பாலில் போட்டு மூடிவையுங்கள். முதல் ஈடு கொஞ்சம் இளகலாகத்தான் தோயும். அதிலிருந்து 1 கரண்டி எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். அடியில் தண்ணீர் பிரிந்தால் நேரம் மீறிவிட்டது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் 5, 6 மணி நேரமே அதிகம். ராத்திரி உறை ஊற்றிவிட்டுக் காலையில் பார்ப்பதெல்லாம் மார்கழிக்கு மட்டும். தோய்ந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தயிரின் மேலே இளஞ்சிவப்பு, பச்சை என்று புள்ளி தெரிந்தால் எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா என்று யோசிக்காமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

மோர்க்குழம்புக்குத் துவரம்பருப்பு 1 மேசைக்கரண்டி, பச்சரிசி 1 தேக்கரண்டி அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரையுங்கள். கல்யாணப் பூசணிக்காய் வெந்ததும் அந்த விழுதைப் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டு, தீயை முழுக்கத் தணித்து, கடைசியாகத் தயிரைக் கடைந்து ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் எந்த விழுதும் அதைக் காப்பாற்றாது.

கறியும் தயிரும் இல்லாமல் ஆம்பூர் பிரியாணி மாதிரி செய்யப் பார்த்தேன். மீல்மேக்கர் சப்பென்று இருக்கிறது, சோறு குழைகிறது. – வாணியம்பாடி வாசகர்

ஆம்பூர் பிரியாணியின் அடையாளம் சீரகச் சம்பாவும், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதும். மிளகாய்த் தூள் போட்டால் அந்த நிறமும் வராது, ருசியும் வராது. 2 தம்ளர் அரிசிக்கு 12 மிளகாய். விதையை உதறிவிட்டு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மைய அரையுங்கள்.

தயிர் அங்கே கறியைப் பதமாக்கவும் புளிப்புக்கும் சேர்வது. கறியே இல்லாதபோது முதல் வேலை இல்லை, புளிப்பை 3 நாட்டுத் தக்காளியும் கடைசியில் அரை எலுமிச்சையும் பார்த்துக்கொள்ளும். தேங்காய்ப்பால் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. ஊற்றினால் நல்ல பிரியாணி கிடைக்கும், ஆம்பூர் பிரியாணி கிடைக்காது.

மீல்மேக்கரை உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, இரண்டு தடவை ஒட்டப் பிழியுங்கள். தண்ணீர் உள்ளேயே நின்றால் மசாலா போக இடமிருக்காது. உங்களுடையது சப்பென்று இருப்பது இதனால்தான். பிழிந்ததை மிளகாய் விழுதில் பாதி, கொஞ்சம் உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறி 20 நிமிடம் வைக்கலாம். காளான் என்றால் தனியாக வதக்கி, விடும் தண்ணீரை வற்றவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

கடலை எண்ணெய் 6 மேசைக்கரண்டியில் பட்டை, கிராம்பு, ஏலம், பிறகு வெங்காயம். வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி. அதன் வாசனை அடங்கியதும் மீதி மிளகாய் விழுது. எண்ணெய் ஓரம் பிரியும் வரை பொறுமை தேவை, அவசரப்பட்டால் மிளகாய் தொண்டையைக் கமறும். தக்காளி, புதினா, கொத்தமல்லி, மீல்மேக்கர் சேர்த்துத் தொக்குப் பதத்துக்குச் சுண்டட்டும்.

குழைவதைத் தவிர்க்க நிச்சயமான வழி, அரிசியைத் தனியாக வடிப்பது. 20 நிமிடம் ஊறிய அரிசியை நிறையக் கொதிநீரில் உப்புப் போட்டு வேகவிடுங்கள். ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும் நேரம் வடித்துவிட வேண்டும். தொக்கில் அரைத் தம்ளர் வடிகஞ்சியோடு கலந்து, மூடி, அடியில் தோசைக்கல் வைத்துச் சிறு தீயில் 15 நிமிடம் தம். அணைத்த பிறகு 10 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். புது அரிசியா பழைய அரிசியா என்று தெரியாமல் 'ஒன்றுக்கு இரண்டு' என்று தண்ணீர் வைப்பதால்தான் பெரும்பாலும் குழைகிறது.

பக்கத்தில் கத்திரிக்காய் இல்லாமல் முடியுமா? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் உங்கள் சந்தைக்கு வரும், அதையே வாங்குங்கள். காம்போடு நான்காகக் கீறி, நல்லெண்ணெயில் தோல் சுருங்கும் வரை வதக்கிய பிறகே புளிக்கரைசல். புளிப்பு முன்னால் விழுந்தால் காய் மெத்தென்று வேகாது. வறுத்த வேர்க்கடலை 2, எள் 1 மேசைக்கரண்டி அரைத்து ஊற்றினால் கெட்டிப்படும், தயிர்ப் பச்சடியின் நினைப்பே வராது.

பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன்தானே? – வாலாஜா வாசகி

இல்லை. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது, பாலும் நெய்யும் அதில் அடக்கம். பொருள் பட்டியலில் பால் திடப்பொருள், மோர்ப்பொடி, கேசின், வெண்ணெய் இருக்கிறதா பாருங்கள். 2022-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி வீகன் உணவுக்குத் தனி முத்திரை உண்டு. பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்தும் ஒரு சின்ன இலையும் இருக்கும்.

சோயா பாலில் காபி கலந்தால் திரிகிறது. வீட்டில் எடுத்த சோயா பால் மொச்சை வாடை அடிக்கிறது. – ராணிப்பேட்டை வாசகர்

காபியின் புளிப்பும் கொதிக்கும் சூடும் சேர்ந்து திரிக்கின்றன. டிகாக்‌ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, சூடான பாலில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பாலை டிகாக்‌ஷனில் கொட்டாதீர்கள். வாடை பயறு அரைபடும்போது உண்டாவது. ஊறிய சோயாவைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டு, தோல் நீக்கி, வெந்நீர் விட்டே அரைத்தால் பெருமளவு குறையும். அரைத்த பாலை 15 நிமிடம் கொதிக்கவையுங்கள்.

களி கிண்டினால் மாவு கட்டி கட்டியாக நிற்கிறது. – குடியாத்தம் வாசகி

மாவைத் தூவிக்கொண்டே கிண்டுகிறீர்கள் என்று தெரிகிறது. கால் தம்ளர் நொய்யை 3 தம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, 1 தம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். துடுப்புக் காம்பால் நடுவே ஒரு குழி. கிண்டவே கிண்டாமல், மூடி, சிறு தீயில் 8 நிமிடம். பிறகு மேலே நிற்கும் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு வைத்துக்கொண்டு அழுத்திக் கிண்டுங்கள், இறுகினால் அதையே திரும்ப ஊற்றலாம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது.

பாலை விட்டால் சத்து குறையுமா? – வேலூர் வாசகர்

சுண்ணாம்புச் சத்துக்குப் பெரிய கவலை வேண்டாம், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, எள்ளும் முருங்கைக் கீரையும் உண்டு. வைட்டமின் பி12 வேறு விஷயம். தாவர உணவில் அது நம்பும் அளவுக்குக் கிடையாது. பழைய சோற்றிலும் புளித்த மாவிலும் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள். மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ அவசியம், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

நெய்யில்லாச் சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு அளவு சொல்லுங்கள். – ஆரணி வாசகி

பச்சரிசி 1 தம்ளர், வறுத்த பாசிப்பருப்பு கால், இரண்டாம் தேங்காய்ப்பால் 2, தண்ணீர் இரண்டரை. குழைய வெந்து, கரண்டியால் மசித்த பிறகே ஒன்றரைத் தம்ளர் வெல்லப்பாகு. முன்னாலேயே போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, விதைவிதையாக நிற்கும். பாகு சேர்ந்து சுருண்டதும் அடுப்பை அணைத்து, முக்கால் தம்ளர் முதல் பால். தேங்காயெண்ணெய் 2 மேசைக்கரண்டியில் முந்திரி, திராட்சை, தேங்காய்ப் பல் வறுத்துக் கொட்டுங்கள். பாக்கெட் எண்ணெய் காறல் வாசனை அடித்தால் பொங்கலே கெட்டுவிடும், முகர்ந்து பார்த்து ஊற்றுங்கள். காலையில் செய்ததைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுங்கள், தேங்காய்ப்பால் சேர்ந்தது நம் ஊர் வெயிலுக்கு ராத்திரி வரை தாங்காது.