கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் தத்துவமும் பண்பாடும் ஆகாதா?

கொலோசெயர் 2:8-ஐக் காட்டி "லௌகிக ஞானத்தில் மாட்டிக்கொள்ளாதே" என்று சபையில் எச்சரிக்கிறார்கள், நானோ கல்லூரியில் தத்துவம் படிக்கிறேன், விசுவாசத்தை ஒரு பக்கமும் தத்துவம், வரலாறு, பண்பாடு எல்லாவற்றையும் இன்னொரு பக்கமும் வைத்துத்தான் வாழ வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டியதில்லை. அப்படிப் பிரித்து வைக்கப் பார்த்தவர்களுக்கே அது முடியவில்லை. அந்த வசனத்துக்குச் சொந்தக்காரரான பவுல்தான் அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்று எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளிக்காரர்கள் முன்னால் பேசும்போது "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றார். அப்போஸ்தலர் 17, எடுத்துப் பாருங்கள். அந்த வரி கிரேக்கப் புலவர் ஆராட்டஸ் தங்கள் தெய்வமான சேயுசைப் பாடிய பாட்டில் வருவது! அத்தேனேக்கும் எருசலேமுக்கும், அதாவது தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும், என்ன சம்பந்தம் என்று கோபமாகக் கேட்ட ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன்கூட, ஆன்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஸ்தோயிக்கர்களிடம்தான் கடன் வாங்கினார். 1277-இல் பாரிஸ் பிஷப் 219 தத்துவக் கருத்துகளுக்குத் தடை போட்டார், அதில் சில இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் சொன்னதற்கு ரொம்பப் பக்கத்தில் வருபவை. 1323-இல் அதே அக்குவினாஸைப் புனிதர் ஆக்கினார்கள். ஐரோப்பியக் கதை இவ்வளவு போதும்.

இந்தக் கேள்விக்காக ஒரே ஒருவரைப் படிக்கச் சொல்வதென்றால் நான் ராபர்ட் தெ நோபிலியைச் சொல்வேன். இத்தாலியப் பிரபு குடும்பம், இயேசு சபைத் துறவி, 1606-இல் மதுரைக்கு வரும்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. அவருக்கு முன்பே அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியக் குரு பத்தாண்டுக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தார், உள்ளூர்க்காரர்கள் யாரும் மனம் மாறுவதாக இல்லை. மாட்டிறைச்சி தின்று சாராயம் குடிக்கிற பறங்கிகளின் மார்க்கம் இது என்று ஊரே ஒதுங்கி நின்றது. நோபிலி பெர்னாண்டஸை விட்டுத் தனி வீட்டுக்குப் போனார், காவி கட்டினார், பிராமணச் சமையற்காரரை வைத்து ஒருவேளை மரக்கறி உணவோடு நிறுத்திக்கொண்டார், சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். தன்னைத் தத்துவ போதகர் என்று சொல்லிக்கொண்டார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பெர்னாண்டஸுக்கு இது பொறுக்கவில்லை. புகார் போனது, 1619-இல் கோவாவில் பெரிய விசாரணையே நடந்தது. அங்கே நோபிலி வைத்த வாதத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இருக்கிற மூன்றும் அதில் ஒன்றாக வருகின்றன. ஒரு வழக்கம் தெய்வ வழிபாட்டுக்கு உரியதா, சமூகத்தில் ஒருவருடைய அந்தஸ்தைக் காட்டுவதா என்று முதலில் பிரிக்க வேண்டும், பூணூல் இரண்டாவது வகை, அதனால் அதை அறுக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்கிறார். இந்தப் பிரிவினைக்கு அக்குவினாஸிடமிருந்து தத்துவம் எடுக்கிறார், ஆதிச் சபை ரோமாபுரி வழக்கங்களை எப்படி நடத்தியது என்று வரலாற்றிலிருந்து சான்று எடுக்கிறார், மதுரைப் பிராமணர்களிடமே கேட்டுச் சாட்சியம் சேர்க்கிறார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்துவிட்டார். வாதத் திறமை என்றால் இதுதான், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ஆனால் இங்கேதான் உறுத்துகிறது. 'ஆத்தும நிருணயம்' என்ற நூலில் இதே நோபிலி மறுபிறப்பை மறுத்து நீள நீளமாக வாதாடுகிறார். ஒருவன் தாழ்ந்த குலத்தில் பிறப்பதற்குப் போன ஜன்மத்துப் பாவம் காரணம் என்ற நம்பிக்கையின் அஸ்திவாரத்தையே பெயர்க்கிற வேலை அது. ஆனால் அதன்மேல் நின்ற சாதி அடுக்கு மட்டும் 'சமூக வழக்கம்' என்ற கணக்கில் தப்பித்துக்கொண்டது! பிராமண சந்நியாசியாக வாழ்கிறவர் சேரிக்குள் போக முடியாதே, அதனால் 1640 வாக்கில் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் ஏற்பாடு வந்தது. பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று கட்டடமே இரண்டாகப் பிரிந்து நின்றது, பீடம் மட்டும் பொது. 1910-இல் தடுப்பை இடித்ததும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். நோபிலிதான் அந்தச் சுவரைக் கட்டினார் என்று சொல்ல வரவில்லை, நடுவில் இருநூற்றுச் சொச்சம் வருஷம் கிடக்கிறது. ஆனாலும் விசுவாசம் பண்பாட்டோடு கைகோத்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், யாருடைய பண்பாட்டோடு என்று நான் உடனே கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சீர்திருத்த சபைகள் பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் இனிமையான குரலில். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ஒரு ஆங்கில நூலின் கதையை எடுத்துக்கொண்டு 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார், 1894-இல் வெளிவந்தது. அதைப் படித்தால் கம்பனும் ஆழ்வார்களும் அவர் ரத்தத்தில் ஊறியிருப்பது தெரியும், மதம் மாறியதால் அது வற்றிப்போகவில்லை. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்தவர், பிற்பாடு கோயம்புத்தூரில் சி.எஸ்.ஐ. பிஷப். உலகம் கடவுளின் சரீரம் என்ற ராமானுஜரின் கருத்தைக் கையில் எடுத்துக்கொண்டு யோவான் சுவிசேஷத்தை விளக்கினார், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கம் என்றே எழுதினார். எனக்கு அப்பாசாமி மேல் தனிப் பிரியம் உண்டு, தத்துவத்துக்குப் பயப்படாத பிஷப் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இருந்தாலும் இவர்கள் கைகோத்ததும் படித்த மேல்தட்டுப் பண்பாட்டோடுதான். ராமானுஜர், செய்யுள், கர்நாடக ராகம் என்று நின்றுவிட்டது. நம் சபைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்தவர்கள், அவர்களுடைய பாட்டும் கதையும் ஆராதனைக்குள் வரவில்லை.

இதைப் பச்சையாகச் சொன்னவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு. நாட்டுப்புற மெட்டிலேயே முழு ஆராதனை முறை ஒன்றை எழுதினார், கர்நாடக மெட்டில் வரும் கீர்த்தனைகள்தான் தமிழ்க் கிறிஸ்தவ இசை என்ற எண்ணத்தை நேருக்கு நேர் எதிர்த்தார். இதெல்லாம் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், நோபிலி வந்து ஏறத்தாழ நானூறு வருஷம் கழித்து. இன்னும் சண்டை முடியவில்லை. எங்கள் பக்கம் ஒரு சபையில் கன்வென்ஷன் பந்தலில் கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார் எல்லாம் ஏறும், இதெல்லாம் எந்த ஊர்ப் பண்பாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் பறை வைக்கலாமா என்று கேட்டார்கள், "அது சாவுக்கு அடிக்கிறதுப்பா" என்று பதில் வந்தது. உயிர்த்தெழுதலைப் பற்றி வாரா வாரம் பிரசங்கம் கேட்கிற சபை!

அதனால் உங்களை எச்சரித்தவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர்களும் ஒரு தத்துவத்தில் நின்றுதான் பேசுகிறார்கள், சரீரம் வேறு ஆத்துமா வேறு என்று அவர்கள் சொல்லும் விதத்தில் வேதாகமத்தைவிடப் பிளேட்டோதான் அதிகம், அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் தத்துவ மாணவர், அதை எடுத்துச் சொல்ல உங்களால் முடியும், பக்குவமாகச் சொல்லுங்கள்.

வாசிப்பதானால் 'ஆத்தும நிருணயம்' முதலில். நோபிலியின் தமிழ் நூல்களை இராசமாணிக்கம் அடிகள் 1960-களில் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்தார், பழைய செமினரி நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். வடமொழி ஏகத்துக்கும் கலந்த நடை, முதல் சில பக்கங்கள் பாடாய்ப் படுத்தும். சைவ சித்தாந்தம் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள், நோபிலிக்கு எதிர்வாதம் அங்கேயே சுடச்சுடக் கிடைக்கும்.