கால் கோப்பைக் கஹ்வா: வாசகர் கேள்வி பதில்

ரியாத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகனை ஒரு சவூதிக் குடும்பம் வீட்டுக்கு அழைத்திருக்கிறது. கோப்பையின் அடியில் கொஞ்சமே காபி ஊற்றினார்களாம்; குடித்து முடித்தால் மறுபடி ஊற்றினார்களாம். ஐந்தாறு முறை ஆகியும் நிற்கவில்லையாம். இது கஞ்சத்தனமா, உபசாரமா?
— வாசகர், திண்டுக்கல்

உபசாரம்தான். உங்கள் மகன் கோப்பையை ஆட்டாமல் திருப்பிக் கொடுத்திருப்பார்.

அங்கே காபிக்குப் பெயர் கஹ்வா. ஊற்றும் கூஜா தல்லா. கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பை ஃபின்ஜான். அது 60 முதல் 80 மில்லி கொள்ளும். ஊற்றுவது அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. நிரம்ப ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருள். நம் வீட்டில் டம்ளர் நிறையக் கொடுப்பது மரியாதை, அங்கே அதுவே அவமரியாதை. கொஞ்சமாக ஊற்றுவதில் வசதியும் உண்டு. கைப்பிடி இல்லாத கோப்பையில் விளிம்பு சுடாது, காபி ஆறிப்போகாது, ஊற்றுகிறவர் விருந்தாளியின் அருகிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

ஊற்றுகிறவர் நின்றுகொண்டுதான் ஊற்றுவார். இடது கையில் தல்லா, வலது கையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோப்பைகள். சபையில் மூத்தவருக்கோ முக்கிய விருந்தாளிக்கோ முதலில் கொடுத்துவிட்டு வலப்பக்கமாகப் போவார். வாங்குவதும் குடிப்பதும் திருப்பிக் கொடுப்பதும் வலது கையால். போதும் என்றால், காலிக் கோப்பையை இரண்டு மூன்று முறை லேசாகப் பக்கவாட்டில் ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் இன்னும் வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வாயால் ‘போதும்’ என்று சொன்னாலும் தவறில்லை, ஆனால் பேச்சுக்கு நடுவே கையசைவு போதுமானது.

எத்தனை கோப்பை? முதலாவது விருந்தாளிக்கு, இரண்டாவது இன்பத்துக்கு, மூன்றாவது வாளுக்கு என்பது பழைய வழக்கு. மூன்றாவதைக் குடித்தவர், அந்த வீட்டுக்கு ஆபத்து வந்தால் கூட நிற்பார் என்பது கணக்கு. இவற்றுக்கு முன் வீட்டுக்காரர் தானே ஒரு கோப்பை ருசி பார்ப்பார். கெட்டுப்போகவில்லை, விஷமில்லை என்று காட்டுவதற்கு. உங்கள் மகன் ஒன்றோ மூன்றோ குடிக்கலாம். முதல் கோப்பையை மட்டும் மறுக்க வேண்டாம். காபி பிடிக்காவிட்டாலும் வாங்கி ஒரு வாய் குடிப்பதே முறை. கூட வரும் பேரீச்சம்பழத்தை முதலில் தின்னச் சொல்லுங்கள். கஹ்வாவில் சர்க்கரை கிடையாது, இனிப்பு அந்தப் பழத்தில்தான்.

வீட்டில் செய்ய அளவும் பக்குவமும் சொல்லுங்கள். ஃபில்டர் காபித்தூளிலேயே செய்யலாமா?
— வாசகி, இராமநாதபுரம்

கூடாது. சிக்கரி கலந்த தூள் இதற்கு உதவவே உதவாது. சிக்கரி இல்லாத தூளும் நம் ஊரில் கருக்க வறுத்தது. அதைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கஷாயம்தான் கிடைக்கும். வளைகுடாவின் கஹ்வா வைக்கோல் நிறத்தில் வறுத்த கொட்டையில் செய்வது. இளவறுவல் என்பதால்தான் அவ்வளவு நேரம் கொதிக்கவிட முடிகிறது. அவ்வளவு நேரம் கொதித்தால்தான் இளவறுவலில் சாரம் இறங்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதும் கெடும்.

காபிக்கடையில் அரேபிகா பச்சைக் கொட்டை கேட்டு வாங்குங்கள். பிளாண்டேஷன் ஏ என்ற தரம் கிடைத்தால் நல்லது. ரோபஸ்டா வேண்டாம், இளசாக வறுத்தால் பச்சை வேர்க்கடலை வாசம் அடிக்கும். 200 கிராம் கொட்டையைக் கனமான இரும்பு வாணலியில் மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் வைக்கோல் நிறமாகும், பச்சைப்புல் வாசம் போய் ரொட்டி சுடும் வாசம் வரும். பத்து நிமிடம் முன்பின் ஆகும். முதல் ‘டப்’ சத்தம் கேட்கிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். இறக்கியவுடன் முறத்திலோ தாம்பாளத்திலோ பரப்பி விசிறுங்கள். வாணலியிலேயே விட்டால் உள்சூட்டில் தானாகக் கறுத்துவிடும். அரபு வீடுகளில் இதற்கென்றே நீண்ட கைப்பிடி போட்ட மிஹ்மாஸ் என்ற இரும்புக் கரண்டியும், ஆற வைக்க மரத்தட்டும் உண்டு.

இளவறுவல் கொட்டை கல் மாதிரி இருக்கும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டி, ரவைப் பதத்தில் நிறுத்துங்கள்.

1 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் தூள், அதாவது குவித்த மேசைக்கரண்டியில் மூன்று, நான்கு. ஏலக்காய் 10 கிராம், தோலோடு ஒன்றிரண்டாக இடித்தது. கிராம்பு மூன்று. குங்குமப்பூ ஒரு சிட்டிகை. தண்ணீர் கொதித்ததும் தீயைத் தணித்துத் தூளைப் போடுங்கள். நுரை பொங்கி வரும், பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து அடங்கியதும் மறுபடி வையுங்கள். சிறு தீயில் 12 நிமிடம். அணைத்துவிட்டு 5 நிமிடம் அசைக்காமல் விடுங்கள், மண்டி அடியில் படியும். இன்னொரு பாத்திரத்தில் ஏலக்காயையும் கிராம்பையும் போட்டு, தெளிவை மட்டும் அதில் இறுத்து, ஒரு கொதி வந்து இரண்டு மூன்று நிமிடம் ஆனதும் இறக்குங்கள். ஃப்ளாஸ்கின் அடியில் குங்குமப்பூவைப் போட்டு அதன்மேல் வடிகட்டி ஊற்றி மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பொன்னிறமாக இருக்கும். எமிரேட்ஸிலும் ஓமானிலும் ஒரு தேக்கரண்டி பன்னீரும் விடுவதுண்டு.

800 மில்லி அளவுக்குத் தேறும். கோப்பைக்கு 20 மில்லி என்றால் நாற்பது ஊற்று. ஆளுக்கு மூன்று வீதம் பதின்மூன்று பேருக்கு வரும். எனவே நான்கு பேர் வீட்டில் லிட்டர் கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

செய்து பார்த்தேன். ஒருமுறை சேறுபோல் கலங்கலாகவும் மறுமுறை நாக்கில் ஒட்டும் கசப்பாகவும் வந்தது. எங்கே தப்பு?
— வாசகர், அம்பத்தூர்

கலங்கலுக்குக் காரணம் தூள் நைசாக இருந்தது, அல்லது படிந்த பிறகு பாத்திரத்தை ஆட்டியது. கடைசி ஒரு விரற்கடை காபியை இறுத்து எடுக்காமல் விட்டுவிடுங்கள். அதற்கு ஆசைப்பட்டால் முழுவதும் கலங்கும். அணைத்ததும் ஒரு கரண்டி பச்சைத்தண்ணீர் தெளித்தால் மண்டி சீக்கிரம் இறங்கும்.

கசப்பு இரண்டு வழியில் வரும். வறுவல் முற்றியிருந்தால் தொண்டையில் கருகல் தெரியும். ஏலக்காயை ஆரம்பத்திலேயே போட்டுக் காபியோடு கொதிக்கவிட்டால் மணம் ஆவியாகப் போய், தோலின் துவர்ப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். நாக்கில் ஒட்டுகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் இரண்டாவதுதான். பச்சை வாடை அடித்தால் மட்டும் வறுவலோ கொதியோ போதவில்லை என்று அர்த்தம்.

ஃப்ளாஸ்கையும் சந்தேகப்படுங்கள். டீ ஊற்றிப் பழகிய ஃப்ளாஸ்க் மூடியின் ரப்பர் வளையத்தில் பழைய வாடை ஏறியிருக்கும். கஹ்வாவுக்கென்று தனியாக ஒன்று இல்லாமல் குங்குமப்பூவைச் செலவழிப்பது வீண்.

விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் பெரிய விவகாரமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, மேலப்பாளையம்

பாலைவன நாடோடி அரபிகளான பதூயின்களின் வழக்கில் உண்மை, இன்று ஜோர்டானில் பெண் கேட்கப் போகும் சடங்கில் கண்ணால் பார்க்கலாம். மாப்பிள்ளை தரப்பின் பெரியவர்கள் கூட்டமாகப் போவார்கள். அதற்கு ஜாஹா என்று பெயர். பெண் வீட்டார் காபி கொடுப்பார்கள். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் கோப்பையை வாங்கித் தொடாமல் முன்னால் வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார். பெண் வீட்டுப் பெரியவர் ‘உங்கள் காபியைக் குடியுங்கள்’ என்றால் சம்மதம். அதன் பிறகே எல்லோரும் குடிப்பார்கள். விருந்தாளி குடிக்காமல் போவது வீட்டுக்காரருக்குத் தலைக்குனிவு என்பதால், கோப்பையைக் கீழே வைப்பதே ஒரு நெருக்கடிதான். கொலைப்பழி, நிலத் தகராறு போன்ற சமாதானப் பேச்சிலும் இதே முறை உண்டு. கல்யாணங்களில் இப்போது எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு வருவதால், காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

சவூதியில் மஞ்சளாக இருக்கும் கஹ்வா ஜோர்டானில் கன்னங்கரேல் என்று இருக்கிறது. எது அசல்?
— வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் அசல். ரியாத் இருக்கும் நஜ்து பகுதியில் இளவறுவல். ஏலக்காயும் குங்குமப்பூவும் தாராளம். வடக்கே போகப் போக வறுவல் கறுக்கும். ஜோர்டான், சிரியா பதூயின்கள் கருக்க வறுத்து, முந்தைய நாள் கஷாயத்தையும் சேர்த்து, மணிக்கணக்கில் சுண்டவைப்பார்கள். அதைக் கால் கோப்பைக்கு மேல் யாராலும் குடிக்க முடியாது. ஏமனில் கொட்டையை விற்றுவிட்டு அதன் காய்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்து கிஷ்ர் என்று குடிக்கிறார்கள். நம் சுக்குக் காபிக்காரர்களுக்கு அது சட்டென்று பிடித்துப்போகும்.

கொட்டையிலும் வகை உண்டு. எத்தியோப்பியாவின் ஹராரியும் லுக்மதியும் சவூதிச் சந்தையில் பழகிய பெயர்கள். சவூதியின் ஜஸான் மலைகளில் விளையும் கவ்லானி உள்ளூர்ச் சரக்கு, விலையும் அதற்கேற்ப. யுனெஸ்கோ 2015-ல் எமிரேட்ஸ், சவூதி, ஓமான், கத்தார் நான்குக்கும் பொதுவாகத்தான் அரபுக் காபியைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2022-ஐ ‘சவூதி காபி ஆண்டு’ என்று அறிவித்த சவூதி, கடைகளில் ‘அரபுக் காபி’ என்பதை ‘சவூதி காபி’ என்று எழுதச் சொன்னது. அந்தச் சண்டையில் நாம் இறங்க வேண்டாம்.

எங்கள் ஊர் ஏலக்காய் அரபு நாடுகளுக்குப் போவது காபிக்காகவா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பெரும்பகுதி அதற்காகத்தான். பிரியாணிக்கு நாலு காய் போதும். கஹ்வாவுக்கு லிட்டருக்கு 10 கிராம், சில வீடுகளில் காபித்தூள் அளவுக்கு ஏலக்காய். விளைச்சலில் முன்னணியில் உள்ள கௌதமாலாவின் சரக்கும் அங்கேதான் குவிகிறது. கஹ்வாவுக்கு எடுக்கிறவர் பார்ப்பது பச்சை நிறம், 7, 8 மில்லிமீட்டர் பருமன், வெடிக்காத காய். ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் சூடு ஏறினால் நிறம் வெளுக்கும், வெடிக்கும், எண்ணெயும் போகும். இன்னொன்றும் உங்கள் ஊருக்குத் தெரிந்ததே: பூச்சிமருந்து எச்சம் அதிகமென்று சவூதி நம் சரக்கைத் திருப்பியனுப்பியிருக்கிறது. கடைசி மருந்தடிப்புக்கும் பறிப்புக்கும் இடையே நாள் விடாத தோட்டத்தின் காய், எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தத் துறைமுகத்தைத் தாண்டாது.

காபியை மக்காவிலேயே தடை செய்தார்களாமே?
— வாசகர், காரைக்குடி

1511-ல், எகிப்திலிருந்து ஆண்ட மம்லூக் ஆட்சியின் அதிகாரி கைர் பேக் செய்தது. காபிக் கடைகளில் கூடிப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. மருத்துவர்களையும் சட்ட அறிஞர்களையும் கூட்டித் தீர்ப்பு வாங்கினார். தலைநகர் கெய்ரோவின் ஆதரவு முழுதாகக் கிடைக்காததால் தடை நிலைக்கவில்லை. அதற்கு முன்பே ஏமனில் சூஃபிகள் இரவுத் தொழுகைக்கு விழித்திருக்கக் காபி குடித்துவந்தார்கள்.

வெளிறிய நிறம் என்பதால் கஃபீன் குறைவு என்று சொல்லலாமா?
— வாசகி, கோவை

சொல்லக்கூடாது. வறுவலால் கஃபீன் பெரிதாகக் குறையாது. கால் கோப்பையாகக் குடிப்பதால் ஒரு வேளைக்கு உள்ளே போவது குறைவு, அவ்வளவே. எட்டுக் கோப்பை குடித்தால் தூக்கம் கெடும்.

துபாயிலிருந்து பித்தளை தல்லா வாங்கி வந்தோம். அதில் காபி போடலாமா?
— வாசகர், கீழக்கரை

முதலில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். வெள்ளியைப் போலப் பூச்சு முழுவதும் இருந்தால் போடலாம். செம்பின் சிவப்போ பித்தளையின் மஞ்சளோ எங்காவது தெரிந்தால் வேண்டாம். காபியின் புளிப்பு உலோகத்தை அரித்துக் களிம்பு ஏறும். நினைவுப் பொருள் கடைகளில் விற்பது பெரும்பாலும் அலமாரியில் வைக்கத்தான். வார்னிஷ் பளபளப்பு இருந்தால் அடுப்பில் வைக்கவே கூடாது.

ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து உட்புறம் பூசிக்கொள்ளலாம். சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள், காரீயம் கலந்தால் விஷம். மூக்கின் உட்புறம் வரை நவச்சாரம் போட்டுத் தேய்த்துப் பூசச் சொல்லுங்கள். அங்கே கை எட்டாததால் பலர் விட்டுவிடுவார்கள், களிம்பு முதலில் பிடிப்பதும் அங்கேதான். பூசிய பிறகு காலியாக அடுப்பில் வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். கம்பி நாரால் தேய்க்கவும் வேண்டாம்.

காபியை வேறு பாத்திரத்தில் கொதிக்கவைத்து, தல்லாவை ஊற்ற மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. அரபு முறையும் அதுதான்: கொதிக்கவைக்கப் பெரியது, பரிமாறச் சின்னது. ஊற்றும்போது வடிகட்டுவதற்காகத் தல்லாவின் மூக்கில் நார் அடைப்பார்கள்; அதற்குப் பேரீச்ச நார் கிடைக்காவிட்டால், வெந்நீரில் கொதிக்கவைத்த தேங்காய் நார் சிறு உருண்டை போதும். இறுக்கமாகத் திணித்தால் காபி வராது, தளர்வாக வைத்தால் ஏலக்காய்த் தோல் கோப்பைக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் நாரை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.