ஃபாரோ பதமாக வேக என்ன செய்வது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "முழுத்தானியம் நல்லது என்று ஃபாரோ வாங்கினேன். ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர் வைத்து அரிசி மாதிரி வேகவைத்தேன். 20 நிமிடத்தில் தண்ணீர் வற்றிவிட்டது, தானியம் கடிக்கவே முடியவில்லை. அடுத்து வேறு பாக்கெட் வாங்கி ஒரு மணி நேரம் வேகவிட்டேன், கூழாகிவிட்டது. ஊறவைக்க வேண்டுமா? குக்கரில் வைக்கலாமா? வீட்டில் ஒருவருக்குக் கோதுமை ஆகாது. அவருக்கு இதைக் கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கக் கூடாது. ஃபாரோ என்பது கோதுமைதான். ஐன்கார்ன், எம்மர், ஸ்பெல்ட் என்ற மூன்று பழைய கோதுமை வகைகளையும் இத்தாலியில் ஃபாரோ என்றே சொல்கிறார்கள். மூன்றிலும் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் உண்டு. பழங்காலத் தானியம் என்பதால் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களும், குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளிகளும் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இனி சமையலுக்கு வருவோம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. நீங்கள் வாங்கிய இரண்டு பாக்கெட்டிலும் இருந்தது ஒரே சரக்காக இருந்திருக்காது. ஃபாரோ மூன்று விதமாக விற்பனைக்கு வருகிறது: உமியை மட்டும் நீக்கித் தவிட்டை அப்படியே விட்டது, பாதி தீட்டியது, முழுக்கத் தீட்டியது. இத்தாலியப் பாக்கெட் என்றால் பாதி தீட்டியதில் 'செமிபெர்லாட்டோ', முழுக்கத் தீட்டியதில் 'பெர்லாட்டோ' என்று போட்டிருக்கும். ஒன்றும் போடவில்லையா? நாலு மணியை உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தோல் முழுசாக, ஒரே பழுப்பு நிறத்தில் லேசாகப் பளபளத்தால் அது தீட்டாதது. அங்கங்கே சுரண்டியது போல வெளிறிய கீறல் தெரிந்து, விரலில் மெல்லிய மாவு ஒட்டினால் தீட்டியது.

வேகும் நேரமும் இதைப் பொறுத்ததுதான். முழுக்கத் தீட்டியது 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். பாதி தீட்டியதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். தீட்டாததை ஊறவைக்காமல் போட்டால் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இழுக்கும், இரவே ஊறவைத்தால் அரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். ஆக, ஊறவைப்பது தீட்டாததற்கு மட்டும்தான். தீட்டியதை ஊறவைத்தால் சீக்கிரம் குழைந்துபோகும்.

தண்ணீர் அளந்து வைப்பதை விட்டுவிடுங்கள். பாஸ்தா வேகவைப்பது போலத் தாராளமாகத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதே ஃபாரோவுக்குச் சரிப்படும். ஒரு கப் தானியத்துக்கு ஆறு கப் தண்ணீர் வைத்து, அளவாக உப்புப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். அதற்குள் கழுவி வடித்த தானியத்தை வெறும் வாணலியில் மிதமான தீயில் வாசனை வரும்வரை புரட்டிக்கொண்டால் சுவை கூடும். ஊறவைத்ததற்கு இது வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் தீயைக் குறையுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்தே ஒவ்வொரு மணியாக எடுத்துக் கடித்துப் பாருங்கள். கடித்த மணியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். புள்ளி மறைந்து, பல்லுக்கு லேசாக எதிர்ப்புக் கொடுத்து நறுக்கென்று உடைந்தால் அதுதான் பதம். மணி வெடித்து மாவு பிதுங்கினால் பதம் தாண்டிவிட்டது. பதம் வந்ததும் உடனே வடித்துத் தட்டில் பரப்பிவிடுங்கள். பாத்திரத்திலேயே மூடிவைத்தால் அந்தச் சூட்டிலேயே மேலும் வெந்துவிடும்.

தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதையும் ஆரம்பத்தில் சேர்க்காதீர்கள். புளிப்பு சேர்ந்தால் தோல் இளக நேரமாகும். வெந்த பிறகு, சூடு ஆறுவதற்குள் சேர்த்தால் நன்றாக உள்ளே இறங்கும்.

குக்கரில் தாராளமாக வைக்கலாம், ஆனால் தீட்டாததை மட்டும். ஊறவைத்தது என்றால் பிரஷர் வந்தபின் 10 முதல் 15 நிமிடம் போதும். நுரைத்துப் பொங்கும், அதனால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். தீட்டியதைக் குக்கரில் வைத்தால் பதத்தைப் பிடிப்பது கஷ்டம்.

சத்துக்காக வாங்குகிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். வேகாத 100 கிராம் ஃபாரோவில் சுமார் 12 முதல் 15 கிராம் புரதம் இருக்கிறது, மக்னீசியமும் துத்தநாகமும் உண்டு. நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டில்தான் இருக்கிறது, தீட்டத் தீட்ட அது போய்விடும். முழுக்கத் தீட்டியதை முழுத்தானியம் என்று சொல்ல முடியாது. என் யோசனை, தீட்டாததையே வாங்கி இரவில் ஊறவைத்துவிடுங்கள். அவசரச் சமையல்தான் வழக்கம் என்றால் பாதி தீட்டியது பரவாயில்லை.

அப்புறம், கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறு வகைகளில் அது நிறைய. இத்தாலியில் தஸ்கனியின் கார்ஃபஞானா பகுதி ஃபாரோவுக்குப் பேர்போனது. அங்கு விளைவதற்கு 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் வெந்த பீன்ஸை மசித்து, அந்தச் சூப்பிலேயே ஃபாரோவை வேகவிடுவார்கள். புரதம் நிறைவாகிவிடும், வயிறும் நிறையும். உங்களுக்கு இரண்டாவது முறை கூழானதே, அப்படி ஆகிவிட்டால் அதையும் இந்தச் சூப்பில் சேர்த்துவிடலாம்.

ஒரு கப் ஃபாரோ வெந்தால் இரண்டரை முதல் மூன்று கப் வரும். மிஞ்சியதை ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். வேகாத தீட்டாத ஃபாரோவைக் காற்றுப் புகாத டப்பாவில், சூடுபடாத இடத்தில் வையுங்கள். அதன் முளையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நாளானால் காறல் வாடை வரும். அந்த வாடை அடித்தால் சமைக்க வேண்டாம்.